இலையிடம் கேட்ட மன்னிப்பு

தீத்தாரப்பனுக்கு முதலில் அநியாயம் செய்தவர் அவருடைய மனைவியின் அண்ணன் பால்வண்ணம். இரண்டாவதாகச் செய்தவள் ஐந்தாம் வகுப்பு உலகம்மாள். முதல் அநியாயத்துக்கு உரிய மன்னிப்பு இன்றோ நாளையோ வந்துவிடும் என்று அவர் காத்திருந்த சமயத்தில், அந்தப் பிள்ளை அதைத் தன் கதையில் எடுத்துச் செலவழித்துவிட்டது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கதை சொல்லும் தேர்வு ஆடி மாதம் நடக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக மதிப்பீட்டாளருக்கு முன்னால் நின்று கதை சொல்ல வேண்டும். கதை நன்றாக இருந்தால், அதில் வருகிறவர்கள் எங்கே இருந்தாலும் எழுந்து வந்து, பிள்ளை சொல்கிறபடி செய்துவிட்டுப் போவார்கள். சலூனில் பாதி முகம் மழித்தபடி ஆள் எழுந்து போவதுண்டு. கடைக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை தென்காசி பஸ்ஸின் டிரைவரை ஒரு பையன் கதைக்குள் கூப்பிட்டுவிட்டான். பயணிகள் இறங்கி டீ குடித்தார்கள். டிரைவர் கதையில் ஒரு புலியைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்தார்.

கதை சுமாராக இருந்தால் ஆள் பள்ளிக்கூட வாசல்வரை வந்து, எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கதை மோசமாக இருந்தால் ஆள் வரமாட்டார், செருப்பு மட்டும் வரும். ஆள் வந்து, செருப்பு வராவிட்டால் முழு மதிப்பெண். அதாவது, செருப்பைத் தேட நேரமில்லாமல் ஓடிவரும்படி பிள்ளை கதை சொல்லியிருக்கிறது என்று அர்த்தம்.

உலகத்தில் எங்கேயும் இல்லாதவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் கதைக்குள்ளிருந்தே வருவார்கள். அதில்தான் சிக்கல். அப்படி வந்தவர்களுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. ராஜா கதை வேண்டாம், தெரிந்த ஆட்களை வைத்துச் சொல்லுங்கள் என்று டீச்சர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். அப்படியும் மூன்று ராஜாக்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்குகிறார்கள். மூன்று பேருக்கும் பிள்ளைகள் ஒரே ஒரு வரிதான் சொல்லிக்கொடுத்திருந்தன. அதனால் யாரைப் பார்த்தாலும், "நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று மட்டும் கேட்பார்கள்.

தீத்தாரப்பன் மேலத்தெருவில் மாவு மில் வைத்திருந்தார். எந்தப் பிள்ளையும் அதுவரை அவரைக் கதையில் கூப்பிட்டது கிடையாது. அவரே மில்லில் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். கோதுமையோ மிளகாயோ கொண்டுவருகிறவர்கள் அரைத்து முடியும்வரை அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வார்.

பால்வண்ணத்தின் மூத்த மகள் கல்யாணத்தில் தீத்தாரப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்தார். பெண்ணுக்கு மாமா, அவர் உட்காராமல் வேறு யார் உட்காருவது? இலையில் எல்லாம் வைத்தார்கள். சாம்பார் ஊற்றினார்கள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்திருப்பார். அப்போது தாசில்தார் வந்தார். பந்தியில் இடமில்லை. பால்வண்ணம் வரிசையை ஒருமுறை பார்த்தார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக இவரிடம் வந்து குனிந்து, "மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க. அடுத்த பந்தியில பாத்துக்கிடலாம்" என்றார்.

கையில் சோற்றோடு எழுந்தவர்தான். அதற்குப் பிறகு தீத்தாரப்பன் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. பாயசம் குடிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், கை கழுவும் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு, சாப்பிட்டு வருகிற ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருப்பார். பால்வண்ணத்தோடு பேச்சு வார்த்தை கிடையாது.

அன்றைக்கு மணமேடையில் இருந்த பெண்ணின் மகளுக்கே இந்த ஆவணியில் கல்யாணம். இனியும் பால்வண்ணம் தப்பிக்க முடியாது. தாம்பாளத்தில் பத்திரிகையை வைத்துக்கொண்டு வந்து நின்றாகவேண்டும். வருகிறவர், "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாகவேண்டும். கேட்டுவிட்டால் தீத்தாரப்பன் பந்தியில் உட்காருவார். எந்த இடத்தில் உட்காருவது, பாயசத்தை இலையில் வாங்குவதா டம்ளரில் வாங்குவதா என்பதுவரை அவர் யோசித்து வைத்திருந்தார்.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது கால்கள் எழுந்துகொண்டன. மோட்டாரை நிறுத்தப் போனார். கால்கள் விடவில்லை. செருப்பு மில் வாசலிலேயே கிடந்தது. சரி, எந்தப் பிள்ளையோ நன்றாகத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் பால்வண்ணம் இறங்கினார். சங்கரன்கோவிலில் அவருக்குப் பாத்திரக்கடை. வியாபாரத்தின் நடுவே எழுந்து வந்திருந்ததால் கையில் ஒரு குத்துவிளக்கு இருந்தது. அவர் காலிலும் செருப்பு இல்லை. இருவரும் தெருவின் இரண்டு ஓரங்களில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே வேகத்தில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

வகுப்பறையில் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக இருக்க, மதிப்பீட்டாளர் கிருபாவதி மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உலகம்மாள் நின்றாள். தீத்தாரப்பன் மில்லுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை. வாரம் தவறாமல் கோதுமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, அரைத்து முடியும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டவள்.

"ஒரு ஊர்ல ஒரு எலை இருந்துச்சு" என்றாள் உலகம்மாள்.

தரையில் ஒரு தலைவாழை இலை விரிந்தது. கூட்டு, பொரியல், அவியல், அப்பளம், நடுவில் ஆவி பறக்கும் சோறு எல்லாம் இருந்தன. அந்தக் கல்யாணத்து இலை எப்போதோ மக்கிப்போயிருக்கும். அதனால் இது கதைக்குள்ளிருந்து வந்தது.

"அப்ப ஒருத்தர் வந்து உக்காந்தாரு."

தீத்தாரப்பன் உள்ளே போய் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டார்.

"அவரு ஒரு வாய் சாப்பிட்டாரு. எலைக்கு ரொம்ப சந்தோசம். அப்ப இன்னொருத்தர் வந்து, எந்திரிங்கன்னு சொன்னாரு."

"மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க. அடுத்த பந்தியில பாத்துக்கிடலாம்" என்றார் பால்வண்ணம். அதே குரல், அதே குனிவு.

"அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு."

தீத்தாரப்பன் வெளியே போனார். அத்தோடு அந்தப் பிள்ளைக்கு அவருடைய தேவை முடிந்துவிட்டது. திரும்ப உள்ளே வர எவ்வளவோ முயன்றார். கதவுவரைதான் கால் வந்தது. போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எலை தனியா கெடந்து அழுதுச்சு. சோறு, கறி, அப்பளம் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, என்னைய ஏன் இப்படி போட்டுட்டுப் போனாங்கன்னு அழுதுச்சு. எந்திரிக்கச் சொன்னவருக்கு மனசு கேக்கல. எலைகிட்ட வந்து, நான் செஞ்சது தப்புதான், என்னைய மன்னிச்சிருன்னு கேட்டாரு."

பால்வண்ணம் குத்துவிளக்கைத் தரையில் வைத்துவிட்டு மண்டி போட்டார். இரண்டு கைகளையும் கூப்பினார். "நான் செஞ்சது தப்புதான், என்னைய மன்னிச்சிரு" என்று இலையிடம் கேட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஜன்னலில் தீத்தாரப்பன் வாயைத் திறந்து கத்தினார். சத்தம் வரவில்லை. கதையில் அவருக்குப் பேச்சு கிடையாது.

"எலையும் மன்னிச்சிட்டுது" என்றாள் உலகம்மாள்.

இலை தன் நுனியை லேசாக அசைத்தது. கிருபாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு முழு மதிப்பெண் போட்டார்.

பால்வண்ணம் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. தீத்தாரப்பனுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது.

"மச்சான், நீரு கேக்கவேண்டியது எங்கிட்டல்லா?"

"கேட்டாச்சே மாப்ள. அத்தனை பேருக்கு முன்னால கேட்டாச்சு. நெஞ்சில கெடந்த கல்லு எறங்கிட்டு."

"எலைகிட்ட கேட்டேரு வே! எலைகிட்ட!"

"எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அது போயாச்சு. மறுபடியும் கேளுன்னா நான் எங்க போவேன்? ஆவணியில கல்யாணம். தங்கச்சி கோமதியையும் கூட்டிட்டு வாங்க. மொதப் பந்தியில உக்காருங்க."

குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மில்லுக்குத் திரும்பியபோது மிளகாய் அளவுக்கு மேல் அரைபட்டு, தெருவே தும்மிக்கொண்டிருந்தது. வீட்டில் கோமதி சந்தோஷமாக இருந்தாள். அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகத் தனியாகப் போய்வந்தவள் அவள்.

"எங்கண்ணன் அழுதாகளாம்லா?"

"எலையப் பாத்து அழுதான்."

"யாரப் பாத்து அழுதா என்ன, அழுதாச்சுல்லா. இனியாவது என்கூட கல்யாணத்துக்கு வாங்க."

"எலை கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தீத்தாரப்பன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் உலகம்மாள் கோதுமை டப்பாவோடு வந்தாள். அவர் மோட்டாரைப் போடவில்லை.

"ஏட்டி, என் கதைய எடுத்துச் சொல்ல உனக்கு யாரு ரைட்டு குடுத்தா?"

"நீங்கதான் எல்லாருக்கும் சொல்லுதியளே தாத்தா."

"சொன்னா? சொன்னபடியாவது சொல்லியிருக்கணும்லா. எலைய எதுக்கு நடுவுல இழுத்த?"

"அது பாவம்லா. அம்புட்டையும் வச்சுக்கிட்டு காத்துக்கெடந்துச்சு. நீங்க போட்டுட்டுப் போயிட்டிய."

"நான் எங்கட்டி போட்டேன்? என்னைய எழுப்பினானுவ!"

"அது எலைக்குத் தெரியுமா?" என்றாள் உலகம்மாள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, நாளைக்கு மறுபடியும் போய்ச் சரியான முடிவோடு சொல்லிவிடு என்று தீத்தாரப்பன் தணிந்துகூடக் கேட்டுப் பார்த்தார்.

"ஒருதரம் சொன்னதையே சொன்னா மார்க்கக் கொறைச்சிருவாங்க. எங்கம்மை வையும்" என்று அவள் டப்பாவை நீட்டினாள். "தாத்தா, கோதுமை. தோசைக்கு இல்ல, சப்பாத்திக்கி."

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தேர்வு முடிய இன்னும் நாள் இருந்தது. கிருபாவதி மேடம் மரியாதையாகத்தான் பேசினார். கதையில் வந்தவர்கள் கதையைப் பற்றிக் குறை சொல்ல வழியில்லை என்றார். வந்தவர்கள் எல்லாரும் குறை சொல்ல ஆரம்பித்தால் டிரைவர் கொன்ற புலியும் வந்து நிற்கும். ஒரு கதையை இன்னொரு கதையால்தான் மாற்ற முடியும், அதையும் பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

"அப்ப எனக்கு நாதியே இல்லையா?" என்றார் தீத்தாரப்பன்.

பக்கத்தில் இருந்த ஹெட்மாஸ்டர், "மேடம், இவரு பேரு மூணாம் வகுப்புல இருக்கு" என்றார். தீத்தாரப்பன் மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுபோனவர். நின்றதை யாரும் எழுதிக்கொடுக்காததால், பெயரை அடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுப் பதிவேட்டில் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். இத்தனை காலமும் தினமும் காலையில் அவர் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராததால் ஆப்சென்ட் போட்டிருந்தார்கள்.

"மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"சொகமாத்தான் இருந்தேன்."

"சரி, வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க."

தீத்தாரப்பன் தயார்செய்யவே இல்லை. எதற்குத் தயார்செய்ய வேண்டும்? ஊரில் அவர் அளவுக்கு ஒரு கதையைச் சொன்னவர்கள் யார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாது. பால்வண்ணம் வந்து எந்த இடத்தில் நிற்க வேண்டும், எப்படிக் குனிய வேண்டும் என்பதற்குச் சாக்பீஸால் தரையில் ஒரு அடையாளம் மட்டும் போட்டுவைத்தார். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடித்தது. கதை சொல்கிறவர் கதை முடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. வயதானவர் என்பதால் உட்கார்ந்தே சொல்ல அனுமதித்தார்கள். ஜன்னல் முழுக்க ஆட்கள் நின்றார்கள். உலகம்மாள் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

சொன்னார். தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதைச் சொன்னார். தன்னை எங்கே உட்காரவைத்தார்கள், தனக்கு என்னென்ன வைத்தார்கள், தன் நெஞ்சு எப்படிப் பதறியது, தன்னை எழுப்பியபோது தன் கை எப்படி நடுங்கியது, தான் எந்த வாசல் வழியாக வெளியேறினார் என்பதை எல்லாம் சொன்னார். மில்லில் சொல்வதுபோலவே கத்திச் சொன்னார். சங்கரன்கோவில் பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. பால்வண்ணத்தின் செருப்புக்கூட வரவில்லை. அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தீத்தாரப்பன் வந்துகொண்டிருந்தார். கதை சொல்கிறவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க முடியாதல்லவா, அதனால் கதைக்குள்ளிருந்து இன்னொருவர் வரவேண்டியிருந்தது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். வலது கையில் சாம்பார் சோறு ஒட்டியிருந்தது. செருப்புப் போட்டிருந்தார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன யாரு எழுப்பினது?" என்று கேட்டார் வந்தவர்.

கிருபாவதி மேடம் பேனாவால் பெஞ்சைக் காட்டினார்.

வந்தவர் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார். "இவரா? சரி, இருக்கட்டும். தெரியாமச் செஞ்சிருப்பாரு. நான் மன்னிச்சிட்டேன்" என்றார்.

தீத்தாரப்பன் பெஞ்சை ஓங்கித் தட்டினார். "நான் உம்மகிட்ட மன்னிப்பே கேக்கலியேவே! கேக்காம எப்படி மன்னிப்பேரு?"

"கேட்டாத்தானா? விடும்வே. எலை எங்க?"

உலகம்மாளின் இலையை ஹெட்மாஸ்டர் அறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். கதைச் சோறு ஆறாது. அதைக் கொண்டுவந்து போட்டார்கள். வந்தவர் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். அவியல் அருமை என்றார். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு ராஜா பாயசம் கொண்டுவந்து ஊற்றினார்.

"நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

"பொழியுது ராஜா. இன்னும் ஒரு கரண்டி ஊத்தும்."

தீத்தாரப்பன் எல்லாவற்றையும் பெஞ்சில் இருந்தபடியே பார்த்தார். கதை முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துபோயிருக்கலாம். முடியாத கதையை எப்படி முடிந்தது என்று சொல்வது? மணியடித்து நேரம் முடிந்தபோதுதான் அவரை விட்டார்கள். அதற்குள் வந்தவர் சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்து, ஏப்பம் விட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தார்.

கதையில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவரும் செருப்போடு வந்திருக்கிறார் என்று கிருபாவதி மேடம் எழுதினார். தேர்ச்சி இல்லை. நாளை முதல் ஒழுங்காக வகுப்புக்கு வர வேண்டும்.

கதைக்குள்ளிருந்து வந்தவர் ராஜாக்களோடு காய் நறுக்கப் போவார் என்று தீத்தாரப்பன் எதிர்பார்த்தார். அவர் நேராக மேலத்தெருவுக்குப் போய் மில்லைத் திறந்தார். பகலில் தீத்தாரப்பன் மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டியிருந்ததால், மில்லைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவையாகத்தான் இருந்தது. வந்தவர் கதை சொல்லாமல் அரைத்தார். பொம்பளைகள் கீழத்தெரு மில்லை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். ராத்திரி மில்லிலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார். ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சோறு வடிக்க வேண்டும் என்பதைத் தவிர கோமதிக்கு அவரிடம் குறை ஒன்றும் இல்லை.

பால்வண்ணம் பத்திரிகையோடு வந்தபோது தீத்தாரப்பன் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தை மற்ற தீத்தாரப்பன் வாங்கிக்கொண்டார். "கண்டிப்பா வாரோம் மச்சான்" என்று சொல்லி, காபி கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். இந்தச் சேதியைக் கேட்டு அன்று தீத்தாரப்பனுக்கு ஏழாம் வாய்ப்பாடு முழுக்க மறந்துபோனது. அடியும் வாங்கினார்.

கல்யாணத்தன்று காலையில் தெருவில் வேன் வந்து நின்றது. கோமதி பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"நீங்களும் வாங்க. ரெண்டு பேருமா வந்தா என்ன? வேன்ல எடம் இருக்கு."

"கேக்கவேண்டியவன் கேக்கட்டும், வாரேன்."

"எங்கண்ணன் இவுககிட்ட நல்லாத்தான பேசிட்டுப் போனாக."

"அவன் வேற, நான் வேற" என்றார் தீத்தாரப்பன். வேனின் ஜன்னலோரத்தில் மற்றவர் உட்கார்ந்து கையசைத்தார். கோமதி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு வேன் ஹாரன் அடித்தது.

போகிற அவசரத்தில் அவருக்குச் சோறு கட்டிவைக்க அவள் மறந்துவிட்டாள். வழக்கமாகத் தூக்குச்சட்டியில் வீட்டுச் சோறு கொண்டுபோய், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவதைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. அன்று மதிய மணி அடித்தபோது குடல் காந்தியது. உள்ளேயிருந்து பாயச வாசனை வந்தது. கிருபாவதி மேடம் மறுபார்வைக்கு வருகிறார் என்பதால் ராஜாக்கள் பாயசம் வைத்திருந்தார்கள்.

"தாத்தா, இங்க ஒரு எடம் இருக்கு" என்று உள்ளேயிருந்து உலகம்மாள் கூப்பிட்டாள்.

வாசலில் நின்று யோசித்தார். இலை இல்லை, தட்டுதான். அதனால் இது பந்தி ஆகாது. கல்யாணமும் இல்லை. பால்வண்ணம் சங்கரன்கோவிலில் இருக்கிறார். இங்கே அவரை அவமானப்படுத்த யார் இருக்கிறார்கள்? உள்ளே போய், மூன்றாம் வகுப்பு வரிசையில், உலகம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகெலும்பில் ஏதோ ஒன்று இறங்கி ஓய்ந்ததுபோல இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவருக்கு இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜா வந்து தட்டில் சோற்றை வைத்து சாம்பார் ஊற்றினார்.

"நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

"பொழியுது, பொழியுது. பாயசம் பின்னால வருதா?"

ராஜாவுக்கு வேறு வரி தெரியாது. அடுத்த பிள்ளைக்குப் போனார்.

தீத்தாரப்பன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். வரிசையின் அந்த முனையில் இன்னொரு ராஜா பாயச வாளியோடு திரும்பிவிட்டார். அப்போது ஹெட்மாஸ்டர் கிருபாவதி மேடத்தை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூடத்தில் இடமில்லை. ஹெட்மாஸ்டர் வரிசையை ஒருமுறை பார்த்தார். அத்தனை பிள்ளைகளையும் விட்டுவிட்டு நேராக வந்து குனிந்தார்.

"தீத்தாரப்பா, கொஞ்சம் எந்திரி. அடுத்த வரிசையில பாத்துக்கிடலாம்."

"சார், நான்..."

"எந்திரிடா. மேடம் நிக்காங்க."

மூன்றாம் வகுப்புப் பையன் ஹெட்மாஸ்டரை எதிர்த்துப் பேச முடியாது. தீத்தாரப்பன் கையில் சோற்றோடு எழுந்தார். வெளியே போனார். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் பால்வண்ணம், இரண்டாவது உலகம்மாள், மூன்றாவது அந்தப் பட்டுக்கரை வேட்டிக்காரர், நான்காவது ஹெட்மாஸ்டர் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒருவர்கூட இன்னும் கேட்கவில்லை.

உள்ளே உலகம்மாள் தன் சோற்றைத் தொடவில்லை. அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் மெதுவாக அசைந்தன.

கிருபாவதி மேடம் உட்காரப் போனவர், பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, தட்டைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றார். ஹெட்மாஸ்டரும் கைகூப்பினார். ராஜாக்கள் மூவரும் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து மண்டியிட்டார்கள்.

தட்டு எல்லாரையும் மன்னித்தது. அதில் பாயசம் ஊற்றினார்கள்.